பத்திரத்தில் எழுதிய நிபந்தனை பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டுமா?

வாசகர் கடிதம்:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கடலூரில் நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டிய ஒரு நகரில் 1994-இல் மனை வாங்கி வீடு கட்டினோம். மனை போட்டவர் எங்கள் கிரயப் பத்திரத்தில் சில நிபந்தனைகள் எழுதியிருக்கிறார். குடியிருக்கும் வீடு மட்டுமே கட்ட வேண்டும். தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடிதான். பக்கங்களில் ஐந்தடி விட வேண்டும். கடை, தொழில், விடுதி எதுவும் கூடாது. விற்பதானால் நகர் சங்கத்தின் சம்மதத்தோடுதான் விற்க வேண்டும். எல்லோருக்கும் இப்படித்தான் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார்.

பக்கத்து மனையை முதலில் வாங்கியவர் 2022-இல் வேறொருவருக்கு விற்றுவிட்டார். புதிதாக வந்த தம்பி பழைய வீட்டை இடித்து, கிராவல் கொட்டி மனையை நாலடி மேடாக்கி, தரைத்தளமும் முதல் மாடியும் கட்டி முடித்துவிட்டார். இப்போது இரண்டாம் மாடிக்குக் கம்பி நிற்கிறது, கான்கிரீட் இன்னும் போடவில்லை. சிப்காட் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடப் போகிறாராம். எங்கள் பக்கம் இரண்டடிதான் விட்டிருக்கிறார். மாடித் தண்ணீர்க் குழாய் எங்கள் பக்கம் திறந்திருக்கிறது. மண் மேடு எங்கள் காம்பவுண்டு சுவர் மேலேயே சாய்ந்து நிற்கிறது. முன்பெல்லாம் எங்கள் தோட்டத்து மழைநீர் அவர் மனை வழியாகப் பின்னால் இருக்கும் வடிகாலுக்குப் போய்விடும். இப்போது இரண்டு நாள் தேங்குகிறது.

கேட்டால், "ஆன்லைன்ல உடனே அப்ரூவல் கிடைச்சிடுச்சு டீச்சர். உங்க பத்திரத்துல இருக்கிறது உங்களுக்குத்தான். என் பத்திரத்துல அப்படி ஒரு வரியும் இல்ல" என்கிறார். நான் வீட்டில் டியூஷன் எடுப்பதையும், எங்கள் போர்ட்டிகோ ஷீட் காம்பவுண்டைத் தொடுவதையும் சொல்லிக் காட்டுகிறார். சங்கச் செயலாளர், சங்கத்து போர் தண்ணீரை அவருக்கு நிறுத்திவிட்டு ஐம்பதாயிரம் அபராதம் போடலாம் என்கிறார். என் கணவர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். சிவில் விவகாரம் என்று ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் தங்கை கோர்ட்டுக்குப் போ என்கிறாள். வயதான காலத்தில் வருஷக்கணக்கில் அலைய வேண்டுமா என்று இவர் தயங்குகிறார். என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

வழக்கறிஞரின் பதில்:

அம்மா, வணக்கம்.

இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். கட்டப் போவதைத் தடுக்கக் கேட்டால் நீதிமன்றம் காது கொடுக்கும். கட்டி முடித்ததை இடிக்கக் கேட்டால் நூறு முறை யோசிக்கும். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு தடுப்பதற்கு, 39-ஆம் பிரிவு அகற்றுவதற்கு. ஆனால் அகற்றச் சொல்லி உத்தரவு வாங்குவதற்கு வேண்டிய சாட்சியமும் காலமும் பல மடங்கு. ஆகையால் கீழே சொல்வதையெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் உங்கள் முக்கியக் கேள்வி. 1994 பத்திரத்தில் எழுதியது 2022-இல் வாங்கியவரைக் கட்டுமா? கட்டும். ஆனால் சில விஷயங்களை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

பொதுவாக, ஒரு சொத்தை முழுவதுமாக விற்றுவிட்டு, அதை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று வாங்கியவருக்கு நிபந்தனை போட்டால் அது செல்லாது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு ஒரு விலக்கும் தருகிறது. விற்பவரிடம் பக்கத்தில் வேறு நிலம் இருந்து, அந்த நிலத்தின் நல்ல அனுபவத்துக்காக நிபந்தனை போட்டிருந்தால் அது நிற்கும். நகர் போடுகிறவர் முதல் மனையை விற்கும்போது மற்ற மனைகள் அவர் கையில்தானே இருக்கும்? அதனால்தான் மனைப்பிரிவு நிபந்தனைகளுக்குச் சட்டத்தில் உயிர் இருக்கிறது. அடுத்து 40-ஆம் பிரிவு. அப்படிப்பட்ட தடை, சொத்து கைமாறிய பிறகும், தடை இருப்பதை அறிந்து வாங்கியவர் மீது செல்லும். விலை கொடுத்து, அறியாமல் வாங்கியவர் மீது செல்லாது.

இதன் வேர் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கே டல்க் என்பவர் 1808-இல் ஒரு தோட்டத்தை, அதில் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற நிபந்தனையோடு விற்றார். பல கை மாறி மாக்ஸே என்பவரிடம் அது வந்தது. நிபந்தனை இருப்பது தெரிந்தே வாங்கியவர், நான் ஒப்பந்தம் போடவில்லையே என்று சொல்லிக் கட்டடம் கட்டப் பார்த்தார். தெரிந்து வாங்கியவர் மனசாட்சிப்படி அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 1848-இல் தீர்ப்பானது. உங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி இன்று சொல்லும் அதே வாதம்தான் அன்று தோற்றது.

"என் பத்திரத்தில் இல்லை" என்பது ஏன் போதாது என்றால், அறிந்து வாங்குவது என்பதற்கு ஒருவர் கண்ணால் படித்திருக்க வேண்டும் என்று பொருள் இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, அந்தச் சொத்தைப் பற்றிய பதிவான பத்திரத்தில் என்ன இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். அவருக்கு உரிமை வந்ததே அந்த முதல் பத்திரத்தின் வழியாகத்தான். வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் இன்னும் தெளிவு. மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் எந்த வங்கியின் வக்கீலும் கருத்துரை எழுதித் தர மாட்டார்.

இங்கே பலர் தடுமாறுவது வில்லங்கச் சான்றில். வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், நிபந்தனை எதுவும் வரவில்லை என்பார்கள். வில்லங்கச் சான்றில் யார் யாருக்கு, எந்தத் தேதியில், என்ன ஆவணம் என்றுதான் வரும். பத்திரத்துக்குள் இருக்கும் ஷரத்துகள் வராது. மனை வாங்கும் ஒவ்வொருவரும் மூலப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

ஆகவே முதல் வேலையாகப் பதிவுத்துறை இணையதளத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ மனுப் போட்டுச் சில சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். பக்கத்து மனையின் முதல் கிரயப் பத்திரம் ஒன்று. 2022 பத்திரம் இன்னொன்று. அதில் "மூலப் பத்திரத்தில் கண்ட ஷரத்துகளுக்கு உட்பட்டு" என்ற மாதிரி ஒரு வரி ஒளிந்திருக்கலாம், தேடுங்கள். கூடவே உங்கள் நகரில் வெவ்வேறு தெருக்களிலிருந்து ஐந்தாறு வீடுகளின் முதல் பத்திரங்கள். இந்தக் கடைசி வகை எதற்கென்றால், அவருக்கும் உங்களுக்கும் நேரடி ஒப்பந்தம் கிடையாது. நகர் போட்டவர் எல்லா மனைகளையும் ஒரே திட்டத்தின் கீழ், ஒரே நிபந்தனைகளோடு, வாங்கிய எல்லோருடைய நன்மைக்காகவும் விற்றார் என்று காட்டினால்தான் ஒரு மனைதாரர் இன்னொரு மனைதாரரைத் தட்டிக் கேட்க முடியும். 1908-இல் எலிஸ்டன் எதிர் ரீச்சர் என்ற ஆங்கில வழக்கில் வகுத்த இந்த அளவுகோலைத்தான் இன்றும் வக்கீல்கள் எடுத்து வைக்கிறோம். எல்லோருக்கும் இப்படித்தான் எழுதினேன் என்று அவர் வாய்ப்பேச்சாகச் சொன்னது சாட்சியம் ஆகாது. பத்திரங்கள் பேச வேண்டும். சிலருக்கு நிபந்தனை எழுதி, சிலருக்கு எழுதாமல் விட்டிருந்தால் உங்கள் வாதம் அந்த அளவுக்கு இளைக்கும்.

எல்லா நிபந்தனைக்கும் ஒரே பலம் என்று நினைத்துவிடாதீர்கள். கூடாது என்று தடுப்பவைதான் நிலத்தோடு சேர்ந்து போகும். மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும் என்பது போன்ற, ஒன்றைச் செய்யச் சொல்லும் நிபந்தனைகள் அடுத்து வாங்கியவரை அப்படித் தானாகத் தொடர்வதில்லை. சங்கத்தின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்ற நிபந்தனையைத் தயவுசெய்து உங்கள் மனுவில் சேர்க்கவே வேண்டாம். விற்கும் உரிமையை அடியோடு தடுக்கும் நிபந்தனையைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு செல்லாது என்கிறது. இன்னாருக்கு விற்கலாம், இன்னாருக்கு விற்கக் கூடாது என்று ஆள் பார்த்து வடிகட்டத்தான் பல இடங்களில் இந்த ஷரத்து பயன்படுகிறது. நியாயமான ஒரு வழக்கை அது கறைப்படுத்தும்.

இனி நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நகரில் ஏற்கெனவே எத்தனை வீடுகளில் இரண்டாம் மாடி இருக்கிறது? எத்தனை வீட்டு முகப்பில் மளிகைக் கடையும் தையல் கடையும் இருக்கின்றன? இந்த வழக்கின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. மீறலைப் பார்த்துக்கொண்டே பல வருடம் சும்மா இருந்தவருக்கு உறுத்துக்கட்டளை, அதாவது நீதிமன்றத் தடை உத்தரவு, கிடைக்காது என்று குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நகரின் முகமே மாறிப்போய், பாதி வீடுகள் மூன்று தளமாக நிற்கும்போது, இவர் ஒருவரை மட்டும் நிறுத்தச் சொன்னால் எந்த நீதிபதியும் ஏன் இவர் மட்டும் என்று கேட்பார். நிபந்தனை தாளில் இருந்தால் மட்டும் போதாது. அங்கே குடியிருப்பவர்கள் அதை மதித்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மாலை நேரம் தெருத் தெருவாக நடந்து ஒவ்வொரு வீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக மீறல் இருந்தால் கவலை வேண்டாம். நகர் முழுக்க அதுதான் நிலைமை என்றால், மாடி எண்ணிக்கை வாதத்தைக் கைவிட்டு, பின்னால் நான் சொல்லும் தண்ணீர், சுவர் விவகாரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதே பிரிவு, கேட்பவரின் நடத்தையையும் பார்க்கிறது. அந்தத் தம்பி உங்கள் போர்ட்டிகோ ஷீட்டைச் சொன்னது வீம்புக்காக இருக்கலாம். ஆனால் நாளை அவருடைய வக்கீல் அதே படத்தைத்தான் நீதிபதி முன் வைப்பார். மூன்றடி குறைத்து விட்டார் என்று வழக்குப் போடுபவரின் சொந்த ஷீட் காம்பவுண்டைத் தொடலாமா? நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். வெயிலுக்கும் மழைக்கும் சிரமமாக இருக்கும், தெரியும். ஆனால் அதைக் கழற்றினால்தான் உங்கள் குரலுக்குக் கனம் வரும். டியூஷனைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குடியிருக்கும் ஆசிரியை மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதால் அது வீடு இல்லை என்று ஆகிவிடாது. கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் கட்டடத்தோடு அதை ஒன்றாக வைக்க முடியாது.

அடுத்து அவர் சொல்லும் அப்ரூவல். இதில் இரண்டு விஷயங்கள்.

அரசு அனுமதி என்பது உச்சவரம்பு. அந்த வரம்புக்குள் நாங்கள் இன்னும் அடக்கமாக வாழ்கிறோம் என்று மனைதாரர்கள் தங்களுக்குள் ஏற்றுக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. பிளான் கிடைத்துவிட்டது என்பதால் பத்திரத்து நிபந்தனை தானாகக் கரைந்துவிடாது.

அதைவிட முக்கியம், அது என்ன அப்ரூவல் என்பது. ஆன்லைனில் உடனே கிடைத்தது என்கிறார். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் குடியிருப்புக் கட்டடத்துக்கு உரிமையாளரே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறும் ஏற்பாடு அது. அந்த வழியில் வாங்கியிருந்தால் இரண்டாம் மாடி அந்த அனுமதிக்கு வெளியே நிற்கிறது. தொழிலாளர் விடுதி என்ற பயன்பாடும் அதில் அடங்காது. அப்படியென்றால் உங்கள் பத்திரமே தேவையில்லை, அரசு விதி ஒன்றே அவரைத் தடுக்கும். பக்கத்தில் விட வேண்டிய இடத்துக்கும் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அளவு இருக்கிறது. மனையின் அகலம், கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்து அது மாறும். அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் எத்தனை அடி காட்டியிருக்கிறார் என்பதைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

மாநகராட்சி ஆணையருக்கு எழுத்தில் ஒரு புகார் கொடுங்கள். அனுமதித்த வரைபடத்துக்கு மாறாகக் கட்டுமானம் நடக்கிறது, இடத்தை ஆய்வு செய்து நிறுத்த வேண்டும் என்று எழுதினால் போதும். கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57, 56-ஆம் பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. புகாரில் அந்தப் பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுமதி வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். பதில் தர முப்பது நாள் அவகாசம் உண்டு என்பதால் அதற்காக மற்ற வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டுக் கட்டடத்தைக் கேள்வி கேட்க நீ யார் என்று யாராவது கேட்டால் உடுப்பி வழக்கைச் சொல்லலாம். அங்கே கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமுமாகக் கட்ட அனுமதி வாங்கிய ஒருவர் அதைச் சினிமா தியேட்டர் ஆக்கப் பார்த்தார். நகராட்சியும் உடன்பட்டது. அந்தப் பகுதியில் குடியிருந்த ராமதாஸ் ஷெனாய் வழக்குப் போட்டார். விதிக்கு மாறான கட்டடம் அங்கே குடியிருப்பவரின் உரிமையைப் பாதிக்கிறது, அவர் கேட்கலாம் என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போது தண்ணீர். அம்மா, உங்கள் குறைகளின் பட்டியலில் இது கடைசியில் வருகிறது. என் கணக்கில் இதுதான் முதலில் வர வேண்டும்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-இல் ஃபெஞ்சலும் அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளமும் பார்த்த ஊர் நம் கடலூர். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரைப் பார்த்தவர்கள் புதிதாகக் கட்டும்போது மனையை மேடாக்குவதில் ஆச்சரியம் இல்லை. அந்தத் தம்பியை அதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் மேடாக்கும்போது பக்கத்துப் பழைய வீடு பள்ளமாகிவிடுகிறது. அடுத்த வருடம் அவரும் மேடாக்க, அதற்கடுத்த வீடு பள்ளமாகிறது. பழைய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள்தான் கடைசியில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை.

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மேட்டு நிலத்தில் இயற்கையாக விழும் மழைநீர் இயற்கையாகவே அடுத்த தாழ்ந்த நிலத்துக்கு வழிந்தோடுவதை மேட்டு நிலக்காரரின் உரிமையாகச் சொல்கிறது. முன்பு உங்கள் தோட்டத்து நீர் அவர் மனை வழியாக வடிகாலுக்குப் போனது என்றால், அவர் மனை உங்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தது என்று பொருள். அதை மண் கொட்டி அடைத்தவர் மாற்று வழி செய்து தர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மாடிக் குழாய் விஷயம் இன்னும் தெளிவு. கூரையில் சேர்த்து, குழாய் வைத்து, அடுத்தவர் நிலத்தில் கொட்டுவது இயற்கையான ஓட்டம் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலோ, இருபது வருடம் தடையில்லாமல் அப்படி அனுபவித்திருந்தாலோதான் அந்த உரிமை வரும். போன வருடம் வைத்த குழாய்க்கு அது எங்கே வரும்? அதோடு, தமிழ்நாட்டில் 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் அவருடைய சேகரிப்புத் தொட்டிக்குள் இறங்க வேண்டியது.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது காம்பவுண்டு சுவர். சாதாரணக் காம்பவுண்டு சுவர் மறைப்புக்காகக் கட்டுவது. நாலடி கிராவலைத் தாங்கி நிற்க அதற்கு அஸ்திவாரமும் இல்லை, கம்பியும் இல்லை. ஐப்பசி மழையில் மண் ஊறிக் கனக்கும்போது சுவர் உங்கள் பக்கம்தான் சாயும். அந்தச் சுவர் ஓரம் யாரும் உட்காராமல், துணி உலர்த்தாமல், டியூஷன் பிள்ளைகளின் சைக்கிளை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிவில் பொறியாளரை அழைத்து வந்து காட்டி, மண்ணின் உயரம், சுவரின் கனம், விரிசல் ஆகியவற்றைக் குறித்து ஒரு பக்க அறிக்கை வாங்கி வையுங்கள். தன் மண்ணைத் தாங்க வேண்டிய தடுப்புச் சுவரைத் தன் செலவில், தன் மனைக்குள் கட்டுவது மேடாக்கியவரின் பொறுப்பு. நிபந்தனைப் பத்திரம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்தக் கோரிக்கை நிற்கும். இதற்கு நகரில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியும் எழாது.

சங்கச் செயலாளரைத் தடுத்து நிறுத்துங்கள். போர் தண்ணீரை நிறுத்துவதும் அபராதம் போடுவதும் உங்கள் வழக்கைக் கெடுக்கும் வேலை. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமாக இருந்தாலும், அதன் துணைவிதி உறுப்பினர்களை மட்டும்தான் கட்டும். அவர் உறுப்பினரா என்பதே தெரியவில்லை. குடிதண்ணீரை நிறுத்தினால் மறுநாளே அவர் நீதிமன்றம் போய்ச் சங்கத்துக்கு எதிராகத் தடை வாங்குவார். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் அவர் போய் உட்கார்ந்துவிடுவார். சங்கம் உதவ நினைத்தால் வேறு வழிகள் இருக்கின்றன. பொதுக்குழுவைக் கூட்டி, நிபந்தனைகளை எல்லோரும் கடைப்பிடிப்போம் என்று தீர்மானம் போடலாம். பத்திர நகல்களைத் திரட்டித் தரலாம். தேவைப்பட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதலாம் கட்டளை, எட்டாம் விதிப்படி எல்லா மனைதாரர்கள் சார்பிலும் இரண்டு மூன்று பேர் வழக்குத் தொடுக்க நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம். உங்கள் கணவர் வாங்கிய காவல் நிலைய ரசீதைப் பத்திரமாக வையுங்கள், தேதிக்கு அது சாட்சி. மறுபடி அங்கே போக வேண்டாம்.

கோர்ட்டா, பேச்சா? உங்கள் வயதையும் உங்கள் கணவரின் தயக்கத்தையும் நினைத்து நான் சொல்வது, இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு வக்கீல் மூலம் ஏழு நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். குரலில் சூடு வேண்டாம், கோரிக்கைகள் துல்லியமாக இருந்தால் போதும். அதே வாரம் கடலூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் மனு உங்கள் பெயரில் இருக்கட்டும். அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

அந்த மேசையில் என்ன கேட்பது, எதை விடுவது என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இரண்டாம் மாடி கிடையாது என்பதையும், தடுப்புச் சுவரையும், மாடிக் குழாயை மாற்றுவதையும், தேங்கும் நீருக்கு ஒரு குழாய்வழி விடுவதையும் விட்டுக் கொடுக்கவே மாட்டேன். விடுதிக்குப் பதிலாகக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடச் சொல்லிக் கேட்பேன். கட்டி முடிந்த இரண்டு தளங்களில் குறைந்துபோன மூன்றடியை இடிக்கச் சொல்லி நிற்க மாட்டேன். உங்கள் பக்கத்து ஜன்னல்களுக்கு மறைப்புக் கண்ணாடி போட்டுக் கொடுக்கச் சொல்லி, மேலே இனி எதுவும் எழுப்புவதில்லை என்று எழுதி வாங்கிக்கொள்வேன். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் தங்க இடம் வேண்டும். அவர்கள் மேல் உங்களுக்குக் குறை எதுவும் இல்லை என்பது பேச்சில் தெளிவாகத் தெரியட்டும். வரப்போகிறவர்களைப் பற்றி யாராவது தரக்குறைவாகப் பேச ஆரம்பித்தால் அந்த நிமிடமே சமரசம் உடைந்துவிடும்.

உங்கள் தங்கைக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டிவிட்டால் கட்டட விதிகளும் அனுமதி தரும் அமைப்பும் வேறு. அங்கே புதுச்சேரி திட்டக் குழுமமும் அதன் விதிகளும். பிரெஞ்சுக் காலத்து மூலப் பத்திரம் என்றால் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியும் வரும். மத்தியச் சட்டங்கள் பலவும் 1968-இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. லாஸ்பேட்டையில் நடப்பதை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

பேச்சுக்கு அவர் வரவில்லை, அல்லது பேசிக்கொண்டே சென்ட்ரிங் அடிக்கிறார் என்றால் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கும், கூடவே இடைக்கால உறுத்துக்கட்டளை மனுவும் தாக்கல் செய்ய வேண்டியதுதான். வருஷக்கணக்கில் இழுப்பது மூல வழக்கு. இடைக்கால மனு முதல் சில வாய்தாக்களிலேயே கேட்கப்படும். அதோடு, நீதிமன்றத்தின் சார்பில் இடத்தைப் பார்த்து எழுதித் தர வக்கீல் கமிஷனரை நியமிக்கவும் ஒரு மனுப் போடுங்கள். சர்வேயரோடு அவர் வந்து இரு மனைகளின் மட்டம், விட்டிருக்கும் இடைவெளி, சுவரின் நிலை, எத்தனை தளம் என்பதையெல்லாம் அளந்து எழுதிவிட்டால், பிறகு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது. மழை பெய்து தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில் நீங்களே தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்திருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேவியட் என்ற முன்மனு போட்டிருந்தால் அவர் தரப்பைக் கேட்காமல் உத்தரவு வராது, அதையும் உங்கள் வக்கீல் முன்கூட்டியே பார்த்துவிடட்டும்.

கான்கிரீட் போடுகிறவர்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறு அல்லது தொடர் விடுமுறையாகப் பார்த்துத்தான் போடுவார்கள், நீதிமன்றம் மூடியிருக்கும் என்பதற்காக. பலகை அடித்து, கம்பி கட்டி முடிவதைப் பார்த்தால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் புதன், வியாழனுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். மே மாதமாக இருந்தால் விடுமுறைக்கால நீதிமன்றம் எந்தெந்த நாட்களில் உட்காருகிறது என்று வக்கீலிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.